இரண்டு வீட்டுக்கு ஒரு சாப்பாட்டு மேசை

எங்கள் கம்பெனியில் அவரைத் தொங்கட்டான் என்றுதான் கூப்பிடுவோம். லிஃப்ட் பழுது பார்ப்பது எங்கள் தொழில். மாடிக் கட்டடத்தின் நடுவே லிஃப்ட் ஏறி இறங்குகிற சதுரக் கிணற்றுக்குள் பெல்ட் மாட்டிக்கொண்டு இறங்க மற்றவர்கள் யோசித்து நிற்பார்கள். அவர் பாட்டுக்கு இறங்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஸ்பேனரைத் திருகிக்கொண்டு, சோபாவில் சாய்ந்திருப்பவர் மாதிரி ஊர்க்கதை பேசுவார். காதில் ஆடுகிற நகையின் பெயரை அவருக்கு முதலில் வைத்தது யார் என்று தெரியவில்லை. வைத்தது ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது.

உயரத்துக்குப் பயப்படாத அந்த மனிதர் பயந்து நான் பார்த்தது ஒரே ஒரு வருஷம். அவருடைய மகள் சாப்பிடுவதை நிறுத்திய வருஷம் அது.

அவருக்கு விவாகரத்து ஆகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மனைவியாக இருந்தவர் கடைத்தெருவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி ஃப்ரேமைச் சூடு காட்டி வளைத்துப் பொருத்துவதில் கைதேர்ந்தவர். நாங்கள் கண்ணாடிக்காரம்மா என்போம். இரண்டு பேரும் நல்லவர்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரே கூரைக்குக் கீழே வைத்தால்தான் உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் வீடு இரண்டாகும். கடைசியில் வீடே இரண்டாகிவிட்டது.

மகளுக்கு அப்போது பதிமூன்று வயது. சின்ன வயதில் ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்பதால் வாலு என்று பெயர். பள்ளிக்கூட நாள்களில் பெரும்பாலும் அம்மாவிடம், வாரக் கடைசியிலும் புதன்கிழமை ராத்திரியிலும் அப்பாவிடம் என்று ஏற்பாடு. கட்டடத்தின் கீழே வேனை நிறுத்தி இவர் ‘நிற்கிறேன்’ என்று செய்தி அனுப்புவார். ‘வருகிறாள்’ என்று பதில் வரும். அவ்வளவுதான் பேச்சு. சேர்ந்திருந்த காலத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நீ, வா, போ என்று பேசிக்கொண்டவர்கள். பிரிந்த பிறகு இரண்டு பக்கமும் ‘நீங்க’ வந்துவிட்டது. அது மரியாதைக்காக வந்த ‘நீங்க’ இல்லை. வாடிக்கையாளரிடம் பேசுவார்களே, அந்த ‘நீங்க’.

விஷயம் தொடங்கியபோது யாருக்கும் அது விஷயமாகவே படவில்லை. வாலு இனிப்பை விட்டாள். பிறகு எண்ணெயில் பொரித்ததை விட்டாள். காலையில் எழுந்து ஓடப் போனாள். “பரவாயில்லையே, பொறுப்பு வந்துடுச்சே” என்று அம்மா கடையில் பெருமையாகச் சொன்னார். “என் பொண்ணு என்ன மாதிரி இல்லப்பா, உடம்பப் பாத்துக்கிறா” என்று இவர் எங்களிடம் சொன்னார். வெயில் காலத்தில் அவள் கம்பளிச் சட்டை போட்டதும், தொட்டால் கை ஜில்லென்று இருந்ததும், சீப்பில் முடி கொத்தாக வந்ததும் பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்த நேரத்தில் வளர்கிற வயது, கோபதாபம் இருக்கத்தான் செய்யும் என்று இரண்டு பேரும் அவரவர் வீட்டில் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை காலையில், பள்ளிக்கூட மாடிப்படியில் அவள் மயங்கி விழுந்தாள்.

நானும் அவரும் ஒரு துணிக்கடை லிஃப்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தோம். போன் வந்ததும் பெல்ட்டைக் கழற்றக்கூட இல்லை, அப்படியே வேனில் ஏறினார். நான்தான் ஓட்டினேன். பள்ளிக்கூடத்துச் சின்ன மருத்துவ அறையில் வாலு கட்டிலில் படுத்திருந்தாள். அம்மா ஏற்கனவே வந்து கட்டில் ஓரமாக நின்றார். கழுத்தில் கடையின் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டேன்.

நர்ஸ் கேட்டார்: “காலைல என்ன சாப்பிட்டா?”

இவர் சொன்னார்: “நேத்து ராத்திரி என் வீட்லதான் இருந்தா. காலைல அம்மா வந்து கூட்டிட்டுப் போவாங்க, அங்க சாப்பிட்டுக்கிறேன்னு சொன்னா. நான் வேலைக்குக் கிளம்பிட்டேன்.”

அம்மா திரும்பிப் பார்த்தார். “நானா? நான் எங்க வந்தேன்? அப்பா வீட்ல சாப்பிட்டுட்டு நேரா ஸ்கூலுக்குப் போறேன்னுல்ல எனக்கு மெசேஜ் போட்டா.”

“சரி, நேத்து ராத்திரி?”

“ராத்திரி அம்மா வீட்ல சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்னா.”

“ஐயோ. அப்பா வெளிய கூட்டிட்டுப் போறார், எனக்கு எதுவும் வேண்டாம்னுட்டா.”

நர்ஸ் இவர் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப யாருதான் இந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டீங்க?”

திட்டுவதற்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். வாலு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு இல்லாமல் கிடந்த இடம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் மாசக்கணக்கில் அந்த இடைவெளியில்தான் பட்டினி கிடந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாடித் துடிப்பு சீராகும்வரை சில நாள் வைத்திருந்தார்கள். சாப்பாட்டைக் கண்டு பயப்பட வைக்கிற இந்த நோயைப் பார்ப்பதற்கென்றே ஒரு டாக்டரம்மா இருந்தார். குட்டையான ஆள், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். இரண்டு பேரையும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் உட்காராததுமாக இவர் ஆரம்பித்துவிட்டார்.

“டாக்டர், நான் வீட்ல இருந்திருந்தா—”

“நான் கொஞ்சம் கவனிச்சிருந்தா—” என்று அம்மா ஆரம்பித்தார்.

டாக்டரம்மா கையைத் தூக்கினார். “யார் தப்புன்னு கண்டுபிடிக்க நான் போலீஸ் இல்ல. இது ஒரு வியாதி. ஏன் வந்துச்சுன்னு ஒரு காரணத்தப் பிடிச்சுத் தொங்காதீங்க.” தொங்குவது என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த நிலைமையிலும் தனக்குச் சிரிப்பு முட்டியது என்று இவர் பிறகு என்னிடம் சொன்னார். “கால் உடைஞ்சா அது கூடுற வரைக்கும் நாம தாங்கிப் பிடிச்சுக்கிறோம்ல? சாப்பிடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற இடம் அவளுக்கு இப்ப உடைஞ்சிருக்கு. அது கூடுற வரைக்கும் அந்த முடிவ நீங்க எடுக்கணும். என்ன, எவ்வளவு, எப்பன்னு நீங்கதான் சொல்லணும். ஒவ்வொரு வேளையும் பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல உட்காரணும், கூடவே சாப்பிடணும். கெஞ்சல் வேண்டாம், மிரட்டல் வேண்டாம், பேரமும் வேண்டாம்.”

“சரிங்க டாக்டர்” என்றார் இவர்.

“இன்னும் முடிக்கல. நீங்க ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லணும். நீங்க ஒண்ணு சொல்லி அவங்க ஒண்ணு சொன்னா, நடுவுல இந்த வியாதி பாய் விரிச்சுப் படுத்துக்கும். நீங்க சேர்ந்து வாழணும்னு நான் சொல்லல. அது உங்க பாடு. சேர்ந்து வேலை பார்க்க முடியுமா, அதச் சொல்லுங்க.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே தலையாட்டினார்கள்.

இவர் வீட்டில் சாப்பாட்டு மேசை கிடையாது. டிவிக்கு முன்னால் தட்டை மடியில் வைத்துக்கொள்கிற ஆள். அம்மா வீட்டில் சுவரோடு மடிக்கிற மேசை ஒன்று இருந்தது. அதனால் காலைச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் அங்கே என்று முடிவானது. முதல் நாள் விடிகாலையில் இவர் மூன்று மாடி ஏறிப் போய் வாசலில் நின்றார். மூச்சு வாங்கியது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.

“ஊர்ல இத்தனை கட்டடம் இருக்க, லிஃப்ட் இல்லாத கட்டடமாப் பார்த்துக் குடி வந்திருக்கீங்களே” என்றார்.

“உங்களுக்கு வேலையே வராத கட்டடமா இருக்கணும்னுதான் தேடிப் பிடிச்சேன்” என்றார் அம்மா. சொல்லிவிட்டு, “செருப்ப அங்க விடுங்க” என்று ஒரு மூலையைக் காட்டினார். அத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான்.

முதல் வேளையே ரணகளம். முட்டையும் ரொட்டியும் ஒரு டம்ளர் பாலும்தான். வாலு தட்டைப் பார்த்த பார்வையில் யாரோ பாம்பைக் கொண்டுவந்து வைத்த மாதிரி ஒரு மிரட்சி. முதலில் அழுதாள். பிறகு கெஞ்சினாள். பிறகு, அதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரலில் கத்தினாள். பால் டம்ளர் சுவரில் போய் மோதியது. இவருக்குத் தாங்கவில்லை. “சரிம்மா, சரி. பாதி போதும், பாதி சாப்பிடு” என்று சொல்லிவிட்டார்.

அம்மா எழுந்து வாசல் கதவைத் திறந்தார். இவர் பின்னாலேயே போனார். மாடிப்படியில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

“எப்பவும் இதேதான். நான் கெட்டவ, நீங்க நல்லவர். கல்யாணம் ஆன நாள்லருந்து எனக்கு இந்த வேஷம்தான்.”

“பிள்ள நடுங்குறா, பார்க்கலையா நீங்க?”

“பார்த்தேன். நானும் நடுங்கிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். பாதின்னு சொன்னீங்களே, நாளைக்கு அது கால்வாசி ஆகும். அடுத்த நாள்?”

“எல்லாம் உங்களுக்குத் தெரியும்னு—”

கதவு திறந்தது. வாலு நின்றாள். அந்தக் கம்பளிச் சட்டைக்குள் அவள் எங்கோ இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். “என்னாலதான சண்டை? நான் இல்லன்னா நீங்க நிம்மதியா இருப்பீங்கல்ல?” என்றாள்.

இவர்தான் பேசினார். என்ன சொல்கிறோம் என்று யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்ததைச் சொன்னார்.

“இந்தா பாரு. நீ பொறக்குறதுக்கு முன்னாடியே நாங்க இப்படித்தான் கத்திக்கிட்டோம். கட்டில எந்தப் பக்கமாப் போடுறதுன்னு ஒரு வாரம் சண்டை போட்டவங்க நாங்க. எங்க சண்டையில உனக்குப் பங்கு கிடையாது. கேட்டாலும் தர மாட்டோம்.”

“ஒரு வாரம் இல்ல. ரெண்டு வாரம்” என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வாலுவின் உதடு ஒரு பக்கம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது. மூன்று பேரும் உள்ளே போனார்கள். அம்மா இன்னொரு டம்ளர் பாலைச் சூடு செய்தார். இவர் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா பாதின்னு சொன்னது தப்பு. முழுசும்தான். நேரமாகட்டும், நாங்க எங்கயும் போகல” என்றார். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். பள்ளிக்கூடத்தின் முதல் மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. தட்டு காலியானது.

அன்றிலிருந்து அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். மேசையில் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கக் கூடாது. எதிர்ப்பு இருந்தால் மாடிப்படிக்குப் போக வேண்டும். ஒருவருக்கு மனசு இளகுகிறது, இல்லை பொறுமை போகிறது என்றால், “தண்ணி எடுத்துட்டு வர்றேன்” என்று எழுந்துவிட வேண்டும். உடனே மற்றவர் அந்த நாற்காலியில் உட்காருவார். முதல் மாதம் அந்த வீட்டில் குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை.

மத்தியானச் சாப்பாடுதான் பெரிய தலைவலியாக இருந்தது. கண்ணாடிக் கடையில் அந்த நேரத்தில்தான் கூட்டம் வரும். அதனால் இவர் கம்பெனி வேனைப் பள்ளிக்கூடத்துப் பக்கத்துச் சந்தில் நிறுத்தி, வாலுவை அழைத்து வந்து உட்கார வைத்துக்கொள்வார். பின்னால் கம்பிச் சுருளும் கிரீஸ் டப்பாவும் கிடக்கும். முன்னால் இரண்டு பேரும் டப்பாவைத் திறந்து சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும் ரொட்டியும் சாப்பிடுவார்கள். அந்த நேரத்தில் யாராவது எங்கேயாவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் நான் போவேன். மேனேஜர் கேட்டால், “அவர் ஒரு முக்கியமான வேலைல இருக்கார் சார், பாதில விட்டுட்டு வர முடியாது” என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் இவரே மேனேஜரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார். அவர், “இத முதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?” என்று கேட்டதோடு சரி.

கூடவே சாப்பிட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை அல்லவா? மகளுக்கு வைக்கிற அத்தனையும் இவர் தட்டிலும் விழுந்தது. மகள் தேறுவதற்கு முன்னால் அப்பாவுக்குத் தொப்பை வந்துவிட்டது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. “தொங்கட்டான் கனத்துப் போச்சு, காது தாங்குமா?” என்று பயல்கள் கேலி செய்தார்கள். “என் பொண்ணுக்காக வளர்த்த வயிறுடா” என்று தட்டிக் காட்டுவார்.

வாலு கொஞ்சம் தேறினாள். பிறகு அப்படியே நின்றுவிட்டாள். சாப்பிடுகிறாள், ஆனால் உடம்பில் சேரவில்லை. ஒருநாள் இவர் வேனின் இருக்கைக்கு அடியில் விழுந்த ஒரு திருகாணியைத் தேடும்போது, காகிதத்தில் சுற்றிய ரொட்டித் துண்டுகள் கையில் கிடைத்தன. காய்ந்து போயிருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்னிடம் காட்டினார். “அவங்ககிட்ட சொல்லலையா?” என்று கேட்டேன். “வேண்டாம்ப்பா. அந்தம்மா ஏற்கனவே பாதியா இருக்கு. இதச் சொன்னா இடிஞ்சு போயிடும்” என்றார்.

நான்கைந்து நாள் மனசுக்குள் வைத்துக் குமைந்தார். முடியவில்லை. ஒரு சாயங்காலம் மாடிப்படிக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அம்மா அதிரவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

“தெரியும். அவ கோட்டுப் பையில நானும் பார்த்தேன். போன வாரம்.”

“பார்த்தியா? பார்த்துட்டு ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க ஏன் சொல்லல?”

“நீ உடைஞ்சு போயிடுவேன்னுதான்.”

“நான் கடையில விக்கிறதுதான் கண்ணாடி. நான் கண்ணாடி இல்ல” என்றார் அம்மா. பிறகு, “நீ தாங்க மாட்டேன்னுதான் நானும் சொல்லல. வேன்ல உட்கார்ந்து அவளோட சாப்பிட்டுட்டு வர்ற அன்னைக்கெல்லாம் உன் முகத்துல ஒரு சந்தோஷம் இருந்துச்சு. அதக் கெடுக்க மனசு வரல” என்றார்.

இரண்டு பேரும் நிறுத்தி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நீ என்று பேசிக்கொண்டிருப்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. யாரும் அதைத் திருத்தவில்லை. ஒருவர் இன்னொருவரைக் காப்பாற்றுகிறேன் என்று ஒளித்து வைத்தது பழையபடி அதே இடைவெளியைத் திறந்துவிட்டிருக்கிறது. அதை நினைத்ததும் முதலில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அது அழுகையாகி, திரும்பவும் சிரிப்பானது. இவருக்கும் தொற்றிக்கொண்டது. கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்தார். “ஒண்ணுமில்லங்க, குடும்ப விஷயம்” என்றார் இவர்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வாலுவிடம் சேர்ந்தே சொன்னார்கள். கோபம் இல்லை, கேள்வியும் இல்லை. “வேன்ல இருந்தத அப்பா பார்த்தாச்சு. கோட்டுல இருந்தத அம்மா பார்த்தாச்சு. ரெண்டு பேரும் பேசியாச்சு. இனிமே நாங்க பக்கத்துல இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருவோம். உன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல. அந்த வியாதிமேலதான் நம்பிக்கை இல்ல.”

வாலு கொதித்துவிட்டாள். “ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துக்கிட்டீங்களா? பிரிஞ்சு போனவங்க பிரிஞ்சே இருக்க வேண்டியதுதான?” என்று கத்திவிட்டு, அறைக்குள் போய்க் கதவை அடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இவர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். அன்றைய சாப்பாடு அப்படித்தான் முடிந்தது.

ஆனால் திருப்பம் அன்றுதான். பல மாதம் கழித்து வாலுவே டாக்டரம்மாவிடம் சொன்னாளாம்: “அன்னைக்கு எனக்குப் பயங்கரக் கோவம். ஒளிய இடமே இல்லாமப் பண்ணிட்டாங்கன்னு. ஆனா ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன். எப்பப் பார்த்தாலும் யார்கிட்ட என்ன சொன்னோம்னு ஞாபகம் வெச்சுக்கிட்டே இருக்கணும்ல, அது தேவையில்லாமப் போச்சு.”

அதற்குப் பிறகு ஏற்றமும் இறக்கமுமாகத்தான் போயிற்று. நல்ல வாரம் ஒன்று வரும், அதை விழுங்க ஒரு கெட்ட வாரம் பின்னாலேயே வரும். பரீட்சை நேரத்தில் பழையபடி தட்டைப் பார்த்து அழுதாள். பள்ளிக்கூடத்து ஓட்டப் பயிற்சியை நிறுத்தச் சொன்ன அன்று மூன்று பேருமே அழுதார்கள். டாக்டரம்மா மட்டும், “கீழ போறதப் பார்க்காதீங்க, போன தடவை விழுந்த இடத்தவிட மேலதான் இருக்கா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மெல்ல மெல்ல அவள் கன்னத்தில் நிறம் ஏறியது. கை சூடானது. கம்பளிச் சட்டை கொடியை விட்டு இறங்காமலே கிடந்தது. தோழிகளோடு போனில் சிரிக்கிற சத்தம் அறைக்குள்ளிருந்து வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காக இவர் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு நிற்பாராம்.

ஒருநாள் மத்தியானம் நான் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் அடிக்குழியில் வேலையாக இருந்தேன். இவர் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு படபடப்பு. என்னமோ ஏதோ என்று பதறிப் போனேன்.

“என் சமையல் கேவலமாம்ப்பா!”

“என்னது?”

“இப்பத்தான் வேன்ல சொன்னா. ‘இது என்னப்பா, உப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, சவசவன்னு. இனிமே அம்மா செஞ்சதையே எடுத்துட்டு வா’ன்னு முகத்தச் சுளிக்கிறா!”

கிட்டத்தட்ட ஒரு வருஷமாக அவள் மருந்து மாதிரித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. இப்போது நாக்குக்கு ருசி தெரிகிறது, வாய்க்கு வம்பு தெரிகிறது. என்னிடம் சொன்ன கையோடு அவர் கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டார். கடையில் யாருக்கோ ஃப்ரேம் மாட்டிக்கொண்டிருந்த அம்மா, கையிலிருந்த கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், எதிரே உட்கார்ந்திருந்தவர் தன் முகத்தில்தான் ஏதோ கோளாறு என்று முகம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்துக்கொண்டாராம்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தச் சொன்னார். முதலில் மத்தியானச் சாப்பாட்டைத் தோழிகளோடு சாப்பிட விட்டார்கள். பிறகு இடைவேளைத் தீனியை அவளே எடுத்துக்கொள்ள விட்டார்கள். பிறகு சில நாள் அப்பா வீட்டிலேயே ராத்திரிச் சாப்பாடு. அதற்காக இவர் ஒரு சின்ன மேசை வாங்கினார். வாலுதான் கடைக்குக் கூட வந்து தேர்ந்தெடுத்தாள். அதன் பாகங்களை மூன்று பேருமாகச் சேர்ந்து பூட்டினார்கள். லிஃப்டையே பிரித்துப் பூட்டுகிற மனிதர் மேசைக் கால் ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டார் என்று வாலு கம்பெனி முழுக்கத் தம்பட்டம் அடித்தாள்.

கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் படியில் மறித்துக் கேட்டார். “தப்பா நினைக்காதீங்க, தினமும் வர்றீங்க, போறீங்க. திரும்பச் சேர்ந்துட்டீங்களா?”

“இல்லங்க. நாங்க ஒரே கம்பெனியில வேலை பார்க்குறோம்” என்றார் இவர்.

நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். சேர்கிற எண்ணம் இருவருக்குமே இல்லை. “அவ நல்ல மனுஷிப்பா. எனக்கு இப்பத்தான் தெரியுது. ஆனா கட்டில எந்தப் பக்கம் போடுறதுன்னு இப்பக் கேட்டாலும் சண்டைதான் வரும்” என்றார். அதில் ஏக்கம் இல்லை. தன் கூட்டாளியைப் பற்றி ஒருவர் பேசுகிற தோரணைதான் இருந்தது.

போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து மலைப்பக்கம் சுற்றுலா அழைத்துப் போனார்கள். சில நாள் அங்கேயே தங்கல். வாலு போக வேண்டும் என்றாள். மாடிப்படியில் பெரிய ஆலோசனை நடந்தது. இவர் வேண்டாம் என்றார், அம்மா போகட்டும் என்றார், மறுநாள் இவர் சரி என்றார், அம்மா பின்வாங்கினார். டாக்டரம்மாவிடம் போனார்கள். “அனுப்புங்க. ஆனா வேளைக்கு வேளை போன் போட்டு என்ன சாப்பிட்டேன்னு குடையக் கூடாது. அவளுக்கு என்ன தேவைன்னு அவளுக்கும் தெரியும், கூடப் போற டீச்சருக்கும் சொல்லியாச்சு” என்றார். பஸ் கிளம்பியபோது வாலு ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டக்கூட மறந்து பக்கத்துப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். இவர்கள் இருவரும் பஸ் திருப்பத்தில் மறையும்வரை நின்றார்கள். அதற்குப் பிறகும் நின்றார்கள்.

முதல் நாள் போன் வரவில்லை. இவர் கையில் எடுத்த ஸ்பேனரை வைத்த இடம் தெரியாமல் தேடினார். மறுநாள் மத்தியானம் ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் நாங்கள் இருந்தபோது வாலு கூப்பிட்டாள். சத்தத்தில் கேட்கவில்லை என்று இவர் மொட்டை மாடிக்குப் போனார். நான் மோட்டாரை நிறுத்தினேன். அவர் பேசியது இங்கே கேட்டது. ஆமா, உம், அப்படியா, அடிப்பாவி என்றார். விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு தோழி தூக்கத்தில் பேசினாளாம், டீச்சர் பயந்துபோய் விளக்கைப் போட்டாராம், ஒருத்தியின் ஷூவைக் குரங்கு தூக்கிப் போனதாம். கதை முடியவே இல்லை. கடைசியில், “சரிம்மா, பார்த்துப் போ” என்று வைத்தார்.

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தவர் திடீரென்று தலையில் கை வைத்தார். உடனே அம்மாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

“வாலு பேசினா. நல்லா இருக்கா. குரங்கு, ஷூ, என்னென்னமோ கதை.”

“சாப்பாடு பத்தி ஏதாவது சொன்னாளா?”

“ஒண்ணும் சொல்லல.”

“நீ கேட்டியா?”

“மறந்துட்டேன்.”

அந்தப் பக்கம் கடையில் யாரோ விலை விசாரிப்பது கேட்டது.

“மறந்துட்டியா?” என்றார் அம்மா. “நிஜமாவே மறந்துட்டியா?”

“நிஜமாத்தான். அவ பேச்ச கேட்டுட்டு இருந்ததுல ஞாபகமே வரல.”

“அப்பாடா” என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார். போனை வைத்துவிட்டு இவர் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். பிறகு, “மோட்டாரப் போடுப்பா, கீழ ஜனங்க காத்துக்கிட்டு இருப்பாங்க” என்றார்.